வலிமையும் அமானிதமும்
(ஜும்ஆ பயானின் சுருக்கம்)



மத்யனில் மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்தும்படி தந்தையிடம் கூறிய பெண்மணி, அவர்களிடம் கண்ட தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பிக்கை. அல்கஸஸ் அத்தியாயத்தின் 26ஆம் வசனம் இதைக் கூறுகிறது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த காலத்தில் வலிமை தொழிலாளியின் தோளில் இருந்தது. இன்று அது ஃபோர்க்லிஃப்ட் இயந்திரத்திடம் போய்விட்டது. நம்பிக்கை என்னும் அமானிதமோ இன்றும் ஓட்டுநரிடமே உள்ளது.

அந்த இயந்திரத்தை எளிதெனக் கருதுவோர் பலர். தகட்டில் 3 டன் எனப் பொறித்திருந்தாலும், சுமை இரும்புக் கரங்களின் நுனிப்பக்கம் தள்ளியிருந்தால் அவ்வளவைத் தாங்காது. உயர்த்த உயர்த்த நிலை தளரும். சுமை பார்வையை மறைத்தால் பின்னோக்கியே ஓட்ட வேண்டும். வண்டி கவிழும்போது வெளியே குதிப்பவர் அதன் அடியிலேயே நசுங்க நேரிடும். வார் அணிந்து இருக்கையைப் பற்றிக்கொள்பவருக்கே தப்ப வழியுண்டு.

துபாயில் இதற்கென்று தனி உரிமம் கேட்கிறார்கள். இங்கே கிடங்கு வைத்திருக்கும் நம்மவர் சிலரோ (பெயர் கூறவில்லை, முன்வரிசையிலும் இருக்கலாம்) லாரி காத்திருக்கிறதென்று பயிற்சியற்ற பையனிடம் சாவியைக் கொடுக்கிறார்கள். அளவை மீறிய பாரத்தைத் தூக்க மறுத்தால் கூலியில் பிடிக்கிறார்கள். கீழே நிற்பவரின் உயிரைக் காத்தவனிடம் பிடித்த அந்தப் பணம் எப்படி ஹலாலாகும்? கிடங்கு உரிமையாளர்கள் இவ்வாரமே தம் ஓட்டுநர்களின் பயிற்சிச் சான்றைக் கேட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.