விளக்கின் கீழ் வாங்கும் நிறம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் இந்த மணல் ஊரில் வெயிலுக்கு ஒளிய இடமில்லை. பெரியகல்லாற்றில் வளர்ந்த நாங்கள் எல்லோரும் வீட்டில் கேட்ட வார்த்தை ஒன்று உண்டு: "வெயிலுக்க நிக்காத மகள், கறுத்துப் போயிருவாய்." அந்த வார்த்தையையும் சுமந்துகொண்டுதான் லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் ரொறன்ரோவுக்கும் போனோம். அங்கே பனியை விட எமக்கு அதிசயமாக இருந்தது, வெள்ளைக்காரப் பெண்கள் காசு கொடுத்துக் கறுக்கப் போனதுதான்.

அதற்கென்று கடைத்தெருவில் சலூன்கள் உண்டு. உள்ளே ஆள் நீளத்துக்கு ஒரு படுக்கை. அதற்கு ஒரு மூடி. வாவி மட்டியைப் போலத் திறந்து மூடும். மேலும் கீழும் நீளமான குழல் விளக்குகள். உடம்பில் அதற்கான களிம்பைப் பூசி, கண்ணுக்குச் சிறிய கறுப்புக் கண்ணாடி போட்டு, சில நிமிடங்கள் உள்ளே கிடப்பார்கள். குறித்த நேரம் முடிந்ததும் விளக்கு தானாக அணையும். கண்ணை வெறுமனே மூடினால் போதாது, இமையையும் கடந்து கதிர் போகும் என்பதற்காகத்தான் அந்தக் கண்ணாடி. இதைக் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எமக்குப் பிறப்பிலேயே கிடைத்ததை இவர்கள் விலைக்கு வாங்குகிறார்களே என்று நினைத்தோம்.

பிறகுதான் விபரம் அறிந்தோம். அந்த விளக்குகள் தருவது புற ஊதாக் கதிர். அது தோலின் உயிரணுக்களைக் காயப்படுத்துகிறது. காயத்தைத் தடுக்கத் தோல் மெலனின் என்ற நிறப்பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது. அவர்கள் அழகென்று வாங்கும் நிறம், உண்மையில் தோல் பிடிக்கும் குடை. 2009 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இந்தப் படுக்கைகளைப் புகையிலை இருக்கும் அதே முதலாம் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று சேர்த்தது. 30 வயதுக்கு முன் இதைத் தொடங்குவோருக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 75 வீதம் கூடுகிறது என்றும் சொன்னது.

மெல்பேர்னில் கிளேர் ஒலிவர் என்ற இளம்பெண் இந்த நோய் முற்றிய நிலையில், சலூன்களுக்குப் போக வேண்டாம் என்று தன் வயதுப் பெண்களிடம் பகிரங்கமாகப் பேசினார். 2007 இல் 26 வயதில் இறந்தார். அவரது குரல் வீண்போகவில்லை. 2015 தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களும், 2016 இல் மேற்கு அவுஸ்திரேலியாவும் இந்த வியாபாரத்தைத் தடைசெய்தன. பிறேசில் 2009 இலேயே தடைசெய்துவிட்டது.

கதிர் விளக்கு எல்லாமே கெடுதி என்று நாங்கள் சொல்லவில்லை. டென்மார்க்கில் நீல்ஸ் பின்சன் என்ற வைத்தியர் விளக்கொளியால் தோல் காசநோயைக் குணப்படுத்தி 1903 இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் சொரியாசிஸ், வெண்புள்ளி நோய்களுக்கு வைத்தியசாலையில் அளந்து கதிர் கொடுக்கிறார்கள். அங்கே அளவும் கணக்கும் வைத்தியர் கையில். "விற்றமின் டி குறைவு, சலூனுக்குப் போனால் சரியாகும்" என்று குளிர்நாடுகளில் எம்மவரும் பேசுவதுண்டு. அது பிழை. படுக்கை விளக்கில் பெரும்பகுதி யூ.வி.ஏ. கதிர், விற்றமின் டியை உண்டாக்குவது யூ.வி.பி. எமது போன்ற கருந்தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பது பற்றி யோசிக்கும்படி பிரித்தானிய சுகாதாரத் துறை சொல்கிறது. அதற்குக் குளிகை போதும்.

அன்பானவர்களே, அவர்களைப் பார்த்துச் சிரித்த நாங்கள் என்ன செய்தோம்? அதைச் சொல்லத்தான் இந்த மேடையைக் கேட்டோம்.

வகுப்பு நாடகத்துக்கு அரசி வேண்டும் என்றபோது, வெள்ளையான பிள்ளையைச் சுட்டிக் காட்டியவர்கள் நாங்கள்தான். கறுத்த தோழிக்குப் பட்டப்பெயர் வைத்தவர்களும் நாங்கள்தான். வெளிநாடு போன பின்னும் திருந்தவில்லை. ஊருக்கு அனுப்பிய பொதிகளில் சொக்லேற்றோடும் சவர்க்காரத்தோடும் வெள்ளையாக்கும் கிறீம்களையும் வைத்தோம். தங்கைக்குக் கலியாணம் பேசுகிறார்கள், முகம் கொஞ்சம் வெளிக்கட்டும் என்று அன்போடுதான் வைத்தோம். அவற்றுள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் வாசித்துப் பார்த்ததில்லை.

இப்படியான கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. மெலனின் சுரப்பதை அது தடுக்கிறது; கூடவே சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது. பூசியவரின் கையிலும் துவாயிலும் இருந்து வீட்டுப் பிள்ளைக்கும் போகும். இது எமது நாட்டின் பிரச்சினையும்தான். 2023 இல் இலங்கை, காபொன், ஜமேக்கா ஆகிய மூன்று நாடுகளும் பாதரசக் கிறீம்களை ஒழிக்க 1 கோடி 40 இலட்சம் அமெரிக்க டொலர் செலவில் ஐக்கிய நாடுகள் சபையின் துணையோடு ஒரு திட்டம் தொடங்கின.

மாணவிகளே, ஒரு அடையாளம் சொல்கிறோம். கிறீம் பெட்டியில் 'கலோமெல்', 'மேர்க்கூரியஸ் குளோரைட்' என்றிருந்தால் தொடாதீர்கள். தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்றிருந்தாலும் சந்தேகப்படுங்கள். பாதரசம் நகையைப் பிடிக்கும் என்பதால்தான் அப்படி எழுதுகிறார்கள். என்ன கலந்தது என்றே எழுதாத பெட்டியை வாங்கவே வேண்டாம்.

விளக்கின் கீழ் படுப்பவளும் கிறீம் பூசுபவளும் ஒரே கவலையைத்தான் இரண்டு கடைகளில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இருவருக்கும் யாரோ சிறு வயதில், உன் நிறம் போதாது என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் சொன்னவர்கள் எமது அன்பானவர்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களிடம் சொன்னவர்கள் நாங்கள். அதற்காக இங்கே மன்னிப்புக் கேட்கிறோம்.

உலகெங்கும் இருக்கும் எமது சங்கத்துச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். இனி உங்கள் பொதிகளில் அந்தக் கிறீம் வேண்டாம். அந்த இடத்தில் ஒரு புத்தகமோ ஒரு நல்ல குடையோ வையுங்கள். குடை வெயில் சுடாமல் இருப்பதற்கு மட்டும். கறுத்துவிடுவோம் என்ற பயத்துக்கு அல்ல. அடுத்த நாடகத்தில் அரசியாக யார் வரவேண்டும் என்பதை, வசனத்தை நன்றாகப் பேசும் பிள்ளையைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.