கட்டைகளை மட்டுமே நகர்த்தலாம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் கூட்டம் இது. ‘விளையாட்டும் கற்றலும்’ என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் நமக்கெல்லாம் தெரிந்ததையே நானும் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் ஜங்க்பாட். 2001-ஆம் ஆண்டு லெகோ நிறுவனத்தின் இணையதளத்தில் வெளிவந்தது. தனியாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. இணைய உலாவியிலேயே திறந்து விளையாட முடிந்தது. நியூயார்க் நகரில் இயங்கிய கேம்லேப் என்ற சிறிய நிறுவனம் இதை உருவாக்கியது.

விளையாட்டுக்கு முன்னால் அந்தக் கட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில், ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். இன்று நாம் பார்க்கும் லெகோ கட்டைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28-ஆம் நாள். மேலே குமிழ்கள், அடியில் குழாய்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் விடும். அவ்வளவுதான் அதன் இரகசியம்.

கணித ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. எட்டுக் குமிழ் கொண்ட, ஒரே நிறமுள்ள இரண்டு கட்டைகளை 24 விதமாகப் பொருத்தலாம். மூன்று கட்டைகளை 1,060 விதமாகப் பொருத்தலாம். ஆறு கட்டைகளை எத்தனை விதமாகப் பொருத்தலாம்? பல ஆண்டுகள் அந்நிறுவனமே சொல்லிவந்த எண் 10,29,81,500. பிறகு கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் கணினி கொண்டு மீண்டும் எண்ணினார். விடை 91,51,03,765 என்று வந்தது. பழைய எண் ஆறு அடுக்குக் கோபுரங்களை மட்டுமே எண்ணியிருந்தது. ஒரே அடுக்கில் இரண்டு மூன்று கட்டைகள் வரும் அமைப்புகள் அதில் சேரவில்லை. கேள்வியைக் குறுக்கிவிட்டதுதான் சிக்கல். வகுப்பில் இதைச் சொன்னால், ‘எதை எண்ணுகிறோம் என்று முதலில் முடிவு செய்’ என்பது பிள்ளைகளுக்கு நன்றாகப் பதிகிறது.

இனி விளையாட்டுக்கு வருவோம். ஜங்க்பாட் என்பது குப்பை தின்னும் ஒரு சிறிய ரோபோ. ஒரு தொழிற்சாலைக்குள் அது தானாக நடந்துகொண்டே இருக்கும். எதிரே சுவர் வந்தால் திரும்பி நடக்கும். ஒரு கட்டை உயரமுள்ள படி என்றால் ஏறிவிடும். அங்கங்கே இருக்கும் குப்பைத் தொட்டிகளை எல்லாம் அது தின்று முடித்தால் அந்த நிலை முடிந்தது. அடுத்த நிலைக்குப் போகலாம். வழியில் நெருப்பு இருக்கும், காற்றாடி இருக்கும், குறுக்கே வரும் வேறு இயந்திரங்களும் இருக்கும்.

இதில் முக்கியமானது எது தெரியுமா? விளையாடுபவர் அந்த ரோபோவைத் தொடவே முடியாது. ‘நில்’ என்றோ ‘திரும்பு’ என்றோ கட்டளை இட முடியாது. நிறமுள்ள கட்டைகளை எடுத்து வேறிடத்தில் பொருத்தலாம். சாம்பல் நிறக் கட்டைகள் அசையாது. அந்தரத்தில் எதையும் வைக்க முடியாது; வேறொரு கட்டையோடு சேர்த்துத்தான் வைக்க வேண்டும். படி வேண்டுமா, கட்டுங்கள். தடுப்பு வேண்டுமா, வையுங்கள். ரோபோ தன் போக்கில் நடந்து சரியான இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

இதைக் கேட்கும்போதே உங்களுக்கு வகுப்பறை நினைவுக்கு வந்திருக்கும். ஒரு குழந்தைக்குள் புகுந்து அதன் சிந்தனையை நாம் திருப்பிவிட முடியாது. எந்தக் கேள்வியை முதலில் வைப்பது, எந்த எடுத்துக்காட்டை அடுத்து வைப்பது, படியின் உயரம் எவ்வளவு இருக்கலாம் என்பவையே நம் கையில் உள்ளன. இரண்டு கட்டை உயரத்தை ஒரே படியாக வைத்துவிட்டு, ‘ஏறு, ஏறு’ என்று சத்தம் போட்டால் ஏறாது. இடையில் ஒரு கட்டை வைத்தால் யாரும் சொல்லாமலே ஏறிவிடும். பின்னங்களின் கூட்டலில் தடுமாறும் மாணவனுக்குச் சமான பின்னம் என்ற படி விடுபட்டிருக்கலாம். அதை வைக்காமல் பத்துக் கணக்கு கூடுதலாகக் கொடுத்துப் பயனில்லை. வீட்டுச் சூழல் போல நம்மால் அசைக்க முடியாத சாம்பல் நிறக் கட்டைகளும் உண்டு. அவற்றை ஒட்டித்தான் நாம் படி கட்ட வேண்டியிருக்கிறது.

இதைக் கணினி இல்லாமலே என் எட்டாம் வகுப்பில் நடத்திப் பார்த்தேன். தரையில் சுண்ணக்கட்டியால் எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் வரைந்தோம். ஒரு மாணவர் ரோபோ. அவருக்கு இரண்டே விதிகள்: எப்போதும் நேராக நடக்க வேண்டும், முன்னால் புத்தகப் பை இருந்தாலோ எல்லைக்கோடு வந்தாலோ வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஒரு கட்டத்தில் குப்பைக் கூடை. குழுவிடம் நான்கு பைகள். ரோபோவிடம் யாரும் பேசக் கூடாது. பைகளை மட்டுமே வைக்கலாம், எடுக்கலாம். எத்தனை முறை பை நகர்ந்தது என்பதை ஒருவர் எண்ணிக்கொள்வார்.

முதல் பத்து நிமிடம் ஒரே கூச்சல். ‘திரும்புடா, திரும்புடா’ என்று கத்தினார்கள். ரோபோவாக நின்ற மாணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நேராகப் போய்க்கொண்டே இருந்தார். அதன்பின் கூச்சல் அடங்கியது. வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு மாணவி கூடையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ‘இங்கே வரணும்னா அந்தக் கட்டத்திலிருந்துதான் வரணும். அப்போ அதுக்கு முன்னாடி எங்கே திரும்பியிருக்கணும்?’ என்று பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். இரண்டே பைகளில் வேலை முடிந்தது. முடிவிலிருந்து பின்னோக்கிச் சிந்திக்கும் முறையை ஜார்ஜ் போல்யா என்ற கணித அறிஞர் 1945-இல் வெளியான தம் நூலில் விளக்கியிருக்கிறார். அந்தப் பெயரை அன்று நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் சமன்பாடுகள் நடத்தும்போது, ‘கூடையிலிருந்து வாங்க’ என்றேன். வகுப்புக்குப் புரிந்தது.

தொடக்கநிலை ஆசிரியர்கள் நான்குக்கு நான்கு கட்டங்களில் இதைச் செய்யலாம். இடம் வலம் பழக இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘காட்சித் தொடர்பு’ அலகில் ஸ்கிராச் வருகிறதல்லவா? எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது. கட்டளைகள் கட்டைகளைப் போல ஒன்றோடொன்று பொருந்தும் அந்த அமைப்புக்கும் லெகோவே தூண்டுதல். தரையில் விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் அந்நியமாக இராது.

கடைசியாக ஒன்று. ஜங்க்பாட் விளையாட்டை இன்று பழைய முறையில் உலாவியில் திறக்க முடியாது. அது ஷாக்வேவ் என்ற துணைமென்பொருளை நம்பி இருந்தது. அந்த மென்பொருளை அடோபி நிறுவனம் 2019 ஏப்ரலில் நிறுத்தியது. ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவும் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அக்காலத்தில் குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்ட எத்தனையோ விளையாட்டுகளும் பாடங்களும் அவற்றோடு திறக்க முடியாதவை ஆயின. ஃபிளாஷ்பாயிண்ட் போன்ற திட்டங்களில் ஆர்வலர்கள் தாங்களாகவே உழைத்துப் பலவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1958-இல் செய்த பிளாஸ்டிக் கட்டை இன்று செய்த கட்டையோடு பொருந்துகிறது. 2001-இல் செய்த கணினிக் கட்டைக்கு இருபது ஆண்டு ஆயுள்கூட இல்லை.

நம்மில் பலர் இரவெல்லாம் விழித்திருந்து காணொளி, வினாடி வினா, செயலி என்று உருவாக்குகிறோம். நல்ல பணி, தொடர்ந்து செய்வோம். கூடவே ஒரு தாள் எடுத்து, இந்தச் செயல்பாட்டின் விதி என்ன, எந்தக் கற்றல் விளைவுக்காக, பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று அரைப் பக்கம் எழுதி வைப்போம். மென்பொருள் போனாலும் அந்த அரைப் பக்கம் இருந்தால், அடுத்து வரும் ஆசிரியர் சுண்ணக்கட்டியும் புத்தகப் பையும் கொண்டு அதை மீண்டும் நடத்திவிடுவார். எட்டுக்கு எட்டுக் கட்டம், இரண்டு விதி, நான்கு பை. உங்கள் குறிப்பேட்டில் முதல் பதிவாக இதையே எழுதிக்கொள்ளலாம்.