பிறவிக் கையா, பழகிய கையா?



போன வாரம் எங்கள் வீட்டுக் கதவை இழைக்க ஓர் ஆசாரி வந்தார். சட்டத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டிவிட்டு, "இங்க அரை நூல் தூக்கியிருக்கு சார்" என்றார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் பாதி! என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உங்களுக்குப் பிறவியிலேயே வந்த கைங்க" என்றேன்.

"பிறவியா? எங்கப்பாகிட்ட வாங்கின கொட்டு சார்!" என்று தலையைத் தடவிக்கொண்டார்.

சிலருக்குக் கை ஓடும், சிலருக்கு உட்கார்ந்து எழுத வரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் இந்த 'இயல்பு' அப்பாவின் தொழிலோடு அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறதே, அங்கேதான் சந்தேகம்.

1953-இல் அன்றைய முதல்வர் ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றார். 'குலக்கல்வி' என்று பெரியார் கொதித்தெழுந்தார். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. குயவர் மகன் சக்கரத்தையும் கணக்கப்பிள்ளை மகன் பேனாவையும் மட்டுமே தொட்டால், யாருக்கு எதில் நாட்டம் என்று எப்படித் தெரியும்?

ஆசாரியின் மகன் இப்போது வங்கியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையானால் இழைப்புளியைத் தேடி வந்துவிடுவாராம்.

"தொடவே விடறதில்ல சார், கூர் போயிடும்!"