கொழுந்தில் காணும் உயிர்



தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிவரும் சாலையில் அமைந்த ஊர் ரிங்லெட். 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற போ தேயிலைத் தோட்டம் இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. தலைமுறைகளாகத் தமிழர் கைபட்டு வளர்ந்த தேயிலைச் செடியே இன்று நமக்குப் பாடநூல். உயிர் யாது, உயிரணு யாது என்னும் இரு வினாக்களை அச்செடியிடமே கேட்போம்.

ஊட்டம், சுவாசம், வளர்ச்சி, தூண்டலுக்குத் துலங்கல், கழிவு நீக்கம், இனப்பெருக்கம், அசைவு ஆகியவற்றை உயிரின் இயல்புகளென நூல்கள் அடுக்குகின்றன. இவற்றுள் ஒன்றிரண்டை மட்டும் கொண்டு உயிரை அறிய இயலாது. தீ வளர்கிறது, பரவவும் செய்கிறது. மகிழுந்து எரிபொருளை ஏற்று, புகையைக் கழித்து ஓடுகிறது. இரண்டுக்கும் உயிரில்லை. தேயிலைச் செடியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆயினும் கவ்வாத்து செய்தபின், வேரில் சேமித்த மாவுப்பொருளைக் கொண்டு, உறங்கிக் கிடந்த அரும்புகளை எழுப்பித் தன்னைத் தானே மீண்டும் கட்டிக்கொள்கிறது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிரென வகுத்த தொல்காப்பிய மரபியலை இங்கு நினைவுகூரலாம்.

பறித்த கொழுந்து உயிரற்றதா? அன்று. கிள்ளிய பின்னும் அது சுவாசிக்கிறது, வெப்பத்தை வெளியிடுகிறது. கூடையில் அழுத்தித் திணித்தால் சூடேறிச் சிவந்துவிடும். கொழுந்தை அமுக்காதீர் என்னும் தோட்டத்து அறிவுரையில் சுவாசம் பற்றிய முழுப் பாடமும் அடங்கியுள்ளது.

அந்தச் சுவாசம் நிகழும் இடமே உயிரணு. 1665இல் இராபர்ட் ஊக் தக்கையின் சீவலில் கண்டவை வெற்று அறைகளே. தாவரங்கள் அனைத்தும் உயிரணுக்களால் ஆனவை என 1838இல் சிலைடனும், விலங்குகளும் அவ்வாறே என 1839இல் சுவானும் நிறுவினர். தாவர உயிரணுக்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினால், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழப் பத்து முதல் நூறு வரை அடங்கும்.

தேயிலையின் உயிரணுவுக்குள் ஒரு நுட்பமான ஏற்பாடு உண்டு. துவர்ப்பைத் தரும் பாலிபீனால்கள் நுண்குமிழில் உள்ளன. அவற்றை மாற்றவல்ல நொதி பசுங்கணிகத்தில் உள்ளது. இரண்டும் ஒரே அணுவுக்குள் இருந்தும் சந்திப்பதில்லை. இடையே மெல்லிய சவ்வுகள் காவல் நிற்கின்றன. ஆலையில் கொழுந்தை வாட்டி உருட்டும்போது சவ்வுகள் கிழிகின்றன. நொதியும் பாலிபீனாலும் உயிர்வளியும் கலக்கின்றன. பச்சை இலை செம்பழுப்பாகிறது. முன்னதாகவே ஆவியால் நொதியைச் செயலிழக்கச் செய்தால், அதே கொழுந்து பசுந்தேயிலையாகும்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. உயிரணு பொருள்களை வைத்திருக்கும் பை மட்டுமன்று. கலக்கக்கூடாதவற்றை இடைவிடாத உழைப்பால் பிரித்து வைத்திருக்கும் ஒழுங்கு. அவ்வொழுங்கு குலையும்போது பொருள்கள் எஞ்சும், உயிர் எஞ்சாது.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆலையில் நிகழும் இம்மாற்றத்தை நொதித்தல் என்பது தொழில் வழக்கு. ஆனால், மாவு புளிப்பதுபோல் நுண்ணுயிர்கள் நிகழ்த்தும் மாற்றமன்று இது, உயிர்வளியேற்றமே. வழக்குச் சொல்லை மட்டும் கற்ற மாணவர் தவறாகவே விளங்கிக்கொள்வர். உயிரணு, செல், கலம் என ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள் தமிழில் வழங்குகின்றன. கலம் இலங்கை வழக்கு. செல் தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு. பொருள் தெளிந்தவருக்கு மூன்றும் ஒன்றே. தெளியாதவருக்கு மூன்றும் சுமையே.

2003இல் இந்நாட்டுப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. தொடக்கப்பள்ளிக்குப் பின் நம் பிள்ளைகள் பிற மொழியில் உயிரியல் கற்கின்றனர். ஆகவே தமிழில் உயிரை விளக்க நமக்குக் கிடைக்கும் காலம் ஆறே ஆண்டுகள். அவ்வாறு ஆண்டுகளில் சொற்பட்டியலை ஒப்புவிக்கச் செய்வதா, ஓர் இலையைக் கசக்கி நிறம் மாறுவதைக் காட்டி ஏன் எனக் கேட்பதா? இலையை முதலில் வைப்போம்; வினாவை அடுத்து வைப்போம்; சொல்லைப் பின்னர்த் தருவோம். அவ்வாறு பெற்ற தெளிவு, பயிற்றுமொழி மாறினும் மாணவரை விட்டு நீங்காது.