சபரில் மவுத்தானவரின் பணம்: வாரிசுகள் அறிய வேண்டியவை
(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சவூதிக்குப் பிள்ளையையோ மாப்பிள்ளையையோ அனுப்பாத வீடு நம் தெருக்களில் குறைவு. அங்கே ஒருவர் மவுத்தாகிவிட்டால் முதல் கவலை மய்யித்தைப் பற்றியது. அடக்கம் முடிந்த பிறகு, அவர் உழைத்த காசு என்ன ஆனது என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் பல குடும்பங்கள் இருந்துவிடுகின்றன. அதைத்தான் இன்று பேசுகிறோம்.

வெளிநாட்டில் இறந்தவரின் சொத்து விஷயத்தில் தன் நாட்டு மக்களின் நலனைக் காப்பது தூதரக அதிகாரியின் பணிகளில் ஒன்று என 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் சொல்கிறது. சவூதியில் நமக்கு ரியாத்தில் தூதரகமும் ஜித்தாவில் துணைத் தூதரகமும் உள்ளன. மரணத்தைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, அங்கே அடக்கவோ ஊருக்கு அனுப்பவோ தடையில்லாச் சான்று தருவார்கள். சம்பள பாக்கியையும் பணிக்கொடையையும் முதலாளியிடம் கேட்பார்கள். தூதரகத்தில் செலுத்தப்படும் பணம் வழக்கமாக நம் மாவட்ட ஆட்சியருக்கு வந்து, விசாரணைக்குப் பின் வாரிசுகள் கைக்குச் சேரும்.

பணிக்கொடை சிறு தொகை அல்ல. சவூதி தொழிலாளர் சட்டப்படி முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 2,000 ரியாலாக இருந்து 12 ஆண்டு வேலை பார்த்தவருக்கு 5,000உம் 14,000உம் சேர்த்து 19,000 ரியால் வரும். குடியேற்ற அனுமதி பெற்றுப் போனவர்களுக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடும் உண்டு. அதன் காலம் முடியாமல் இருந்து, விபத்தில் இறந்திருந்தால் 10 லட்சம் ரூபாய்.

தூதரகம் பாகம் பிரித்துத் தராது. வாரிசு யார் என்பதைத் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைக் கொண்டுதான் பார்ப்பார்கள். அதில் மனைவி, மக்களோடு உயிருடன் இருக்கும் தாய் தந்தையர் பெயரும் இடம்பெறட்டும். மார்க்கப்படி முதலில் கடனும், பிறகு வஸிய்யத்தும் நிறைவேற வேண்டும். மீதியில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. இத்தாவில் இருக்கும் பெண்ணின் பங்கையும் யத்தீம் பிள்ளைகளின் பங்கையும் மற்றவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. அடக்கத்துக்குச் சம்மதம் தருவது வேறு, பாக்கியை விட்டுக்கொடுப்பது வேறு. அங்கேயே அடக்கச் சம்மதித்தாலும் பணத்தின் மீதான உரிமை போகாது. துக்க வீட்டில் நீட்டப்படும் தாளில் 'எல்லாம் பெற்றுக்கொண்டோம்' என்ற வரி இருக்கிறதா எனப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முக்தியார் பத்திரம் கொடுப்பதானால் யாருக்கு, எதற்கு என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

முதலாளியின் பெயரும் முகவரியும் தெரியாத குடும்பத்துக்கு யாராலும் எளிதில் உதவ முடியாது. ஆகவே இந்த வாரம் சபரில் இருப்பவரிடம் பேசும்போது பாஸ்போர்ட், இக்காமா, வேலை ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள் ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கு விவரமும், கொடுக்கல் வாங்கலும் எழுதி வரட்டும். நிக்காஹ் பதிவையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றையும் அதோடு ஒரே பையில் வையுங்கள்.

இதைக் கேட்பது அபசகுனம் அல்ல. அவர் வியர்வை சிந்திய காசு உரியவர் கைக்குச் சேர நாம் செய்யும் ஏற்பாடு.

சபரில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் ஆஃபியத்தையும் தருவானாக. வஸ்ஸலாம்.