ஏறி வந்து பக்கத்தில் அமருங்கள்

(வானொலியில் காலைச் சிந்தனையாக ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் ஒரு சிறிய விமானப் பயிற்சிப் பள்ளியைப் பற்றிச் சிந்திக்கப் போகிறோம். காலை வேளையில் சாமியார் விமானத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று யாரும் வியக்க வேண்டாம். பறக்க ஆசைப்பட்ட சிலர் தட்டிய கதவுகளைப் பற்றியும், அவை மூடப்பட்ட பிறகு அவர்களே திறந்து வைத்த ஒரு கதவைப் பற்றியும்தான் பேசப் போகிறோம். அந்தக் கதை நம் ஆலய வாசலிலும், நம் வீட்டு வாசலிலும் வந்து நிற்கும்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1892ஆம் ஆண்டு பெஸ்ஸி கோல்மன் என்னும் பெண் பிறந்தார். ஏழைக் கருப்பினக் குடும்பம். பருத்தி பறித்தும், பிறர் துணிகளை வெளுத்தும் வளர்ந்தவர். 1915இல் பிழைப்புத் தேடி சிகாகோ நகருக்கு வந்து, முடிதிருத்தும் கடை ஒன்றில் வாடிக்கையாளர்களின் கைநகங்களைச் சீர்செய்யும் வேலையில் சேர்ந்தார். முதல் உலகப் போருக்காகப் பிரான்சுக்குப் போய்த் திரும்பிய அவருடைய அண்ணன் ஒருநாள், "அந்த ஊர்ப் பெண்கள் விமானம்கூட ஓட்டுகிறார்கள், உன்னால் முடியுமா?" என்ற கருத்தில் கேலி செய்தார். அந்தக் கேலி மனத்தில் தைத்தது. அன்றே முடிவு செய்தார்: நான் விமானி ஆவேன்.

அமெரிக்காவில் அவர் கேட்டுப் பார்த்த பயிற்சிப் பள்ளி ஒன்றுகூட அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெண் என்பது ஒரு காரணம், கருப்பினத்தவர் என்பது மற்றொரு காரணம். "சிகாகோ டிஃபெண்டர்" என்ற கருப்பின மக்களின் செய்தித்தாளை நடத்திய ராபர்ட் அபட், பிரான்சுக்குப் போய்க் கற்றுக்கொள்ளும்படி அவருக்கு ஆலோசனை சொன்னார். பெஸ்ஸி பிரெஞ்சு மொழி படித்தார், பணம் சேர்த்தார், 1920 நவம்பரில் கப்பல் ஏறினார். வட பிரான்சில் லெ க்ரோட்டுவா என்ற கடலோர ஊரில் இருந்த பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே உடன் பயின்ற ஒருவர் விபத்தில் இறந்ததை நேரில் கண்டும் அவர் பின்வாங்கவில்லை. 1921 ஜூன் 15ஆம் நாள் பன்னாட்டு விமானி உரிமம் பெற்றார். கருப்பினப் பெண் ஒருவர் அப்படி உரிமம் பெற்றது அதுவே முதல் முறை.

தாயகம் திரும்பிய அவர் விமானச் சாகசக் காட்சிகளில் பறந்தார். டெக்சசில் ஒரு காட்சிக்கு, வெள்ளையருக்கு ஒரு வாசல், கருப்பருக்கு ஒரு வாசல் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். எல்லாரும் ஒரே வாசல் வழியாக வந்தால்தான் பறப்பேன் என்று பெஸ்ஸி உறுதியாகச் சொல்லிவிட்டார். வாசல் ஒன்றாயிற்று, உள்ளே இருக்கைகள் மட்டும் பிரிந்தே இருந்தன. தம்மைப் போன்றவர்கள் கடல் கடந்து போகாமல் சொந்த மண்ணிலேயே கற்றுக்கொள்ள ஒரு பள்ளி திறக்க வேண்டும் என்பது அவருடைய பெருங்கனவு. அது நிறைவேறும் முன்பே, 1926 ஏப்ரல் 30ஆம் நாள் ஃபுளோரிடாவில் விமானத்திலிருந்து விழுந்து இறந்தார். அப்போது வயது 34.

அன்பானவர்களே, கனவு கண்டவர் போய்விட்டார். ஆனால் கனவு போகவில்லை.

கார்னீலியஸ் காஃபி, ஜான் ராபின்சன் என்ற இரு கருப்பின இளைஞர்கள் சிகாகோவில் மோட்டார் மெக்கானிக்குகள். அவர்கள் ஒரு விமானத் தொழில்நுட்பப் பள்ளிக்கு அஞ்சல் வழியாக விண்ணப்பித்தார்கள், இடமும் கிடைத்தது. நேரில் போய் நின்றபோது, அவர்களுடைய நிறத்தைப் பார்த்துவிட்டுச் சேர்க்க மறுத்தார்கள். அப்போது அவர்களுடைய முதலாளி, கார் விற்பனை செய்த ஒரு வெள்ளையர், வழக்குத் தொடுப்பேன் என்று அந்தப் பள்ளியை எச்சரித்தார். கதவு திறந்தது. இருவரும் நன்றாகப் படித்துத் தேறினார்கள். பிறகு கருப்பின மாணவர்களுக்குக் கற்பிக்க ராபின்சனே ஆசிரியரானார்.

ஆனால் படித்தால் மட்டும் போதுமா? பறக்க ஓடுதளம் வேண்டுமே! பெரும்பாலான விமானத் திடல்களில் அவர்களுக்கு இடம் இல்லை. ஆகவே சங்கமாகச் சேர்ந்தார்கள். சிகாகோவுக்கு அருகில் ராபின்ஸ் என்ற கருப்பின மக்களின் சிற்றூரில் நிலத்தைச் சமன்செய்து ஓடுதளம் அமைத்தார்கள். விமானம் நிறுத்தக் கொட்டகையும் தங்கள் கையாலேயே கட்டினார்கள். ஜேனட் பிராக் என்ற செவிலியர், மருத்துவமனையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு விமானம் வாங்கிக் கொடுத்தார். பிறகு ஒரு சூறைக்காற்று வந்தது. கொட்டகை தரைமட்டமானது.

அத்துடன் அவர்கள் கலைந்து போயிருக்கலாம். ஆனால் ஓக் லான் என்ற இடத்தில் ஹார்லெம் விமானத் திடல் என்று ஒரு சிறு திடல் இருந்தது. அங்கே அவர்களுக்கு ஓர் ஓரத்தில் இடம் கிடைத்தது. அந்த ஓரத்தில்தான் காஃபியின் பயிற்சிப் பள்ளி வளர்ந்தது. வில்லா பிரவுன் என்ற பள்ளி ஆசிரியை அவரிடம் பயின்று, 1938இல் அமெரிக்காவிலேயே விமானி உரிமம் பெற்ற முதல் கருப்பினப் பெண்ணாகி, அந்தப் பள்ளியை நடத்துவதில் துணை நின்றார். அங்கே பயின்றவர்களில் சிலர், இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற டஸ்கீகி விமானப் படைப் பிரிவில் சேர்ந்தார்கள்.

இதில் நம் மனத்தைத் தொடுவது ஒன்று உண்டு. அந்தப் பள்ளி ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. கருப்பரோடு வெள்ளையரையும் சேர்த்துக்கொண்டது. தங்களை வெளியே நிறுத்தியவர்களின் பிள்ளைகளை அவர்கள் வெளியே நிறுத்தவில்லை. பட்ட காயத்தைப் பிறருக்குக் கைமாற்றிக் கொடுப்பது எளிது. அவர்கள் அதைத் தங்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சரி, பறக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி நடக்கிறது? பயிற்சி விமானத்தில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனித்தனியே கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. மாணவர் தவறினால் ஆசிரியர் உடனே பிடித்துக்கொள்ளலாம். அதாவது, மாணவர் தவறு செய்வார் என்று எதிர்பார்த்தே அந்த விமானத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று. விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்துவிடும். விமானம் கீழே சரியும். விழுகிறோமே என்ற அச்சத்தில் புதியவர் மூக்கை மேலும் மேலே இழுப்பார். அது ஆபத்து. செய்ய வேண்டியது, மூக்கைக் கீழே தாழ்த்துவது. தாழ்த்தினால் இறக்கைகள் மறுபடியும் காற்றைப் பிடித்துக்கொள்ளும். இதைப் புத்தகத்தில் படித்தால் மனம் நம்பாது. பக்கத்தில் ஒருவர் அமைதியாக அமர்ந்திருந்து, "பயப்படாதே, தாழ்த்து" என்று சொல்ல வேண்டும். தாழ்ச்சியைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். இதைவிடத் தெளிவான விளக்கம் நமக்குக் கிடைத்ததில்லை.

பிறகு ஒருநாள், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், ஆசிரியர் விமானத்தை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். "இனி நீயே ஒரு சுற்றுப் பறந்து வா" என்பார். பழைய பயிற்சி விமானங்களில் மாணவர் முன்னாலும் ஆசிரியர் பின்னாலும் அமர்வது உண்டு. இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால் ஆசிரியர் மாணவரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துத்தான் கூப்பிடுவாராம். அதனால்தான், தனியாகப் பறந்து இறங்கும் மாணவரின் சட்டைப் பின்பக்கத்தை வெட்டி எடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் இன்றும் இருக்கிறது. இனி இழுத்துக் கூப்பிட வேண்டியதில்லை என்று பொருள்.

அன்பர்களே, இதே காட்சியைத் திருத்தூதர் பணிகள் நூலின் 8ஆம் அதிகாரத்தில் நாம் காணலாம். எத்தியோப்பிய அரசியின் நிதியமைச்சர் எருசலேமுக்கு வழிபடச் சென்றுவிட்டுத் தேரில் திரும்பிக்கொண்டிருக்கிறார். அவர் வெளிநாட்டவர். அத்துடன் அண்ணகர், அப்படிப்பட்டவர்களை ஆண்டவரின் சபையில் சேர்க்கலாகாது என்று இணைச்சட்ட நூலில் விதி இருந்தது. அவ்வளவு தொலைவு வந்தவருக்கு எந்த அளவுக்குக் கதவு திறந்திருக்கும்? ஆனாலும் அவர் மனம் கசந்து போகவில்லை. எசாயாவின் ஏட்டை விரித்து வைத்துப் படித்துக்கொண்டே போகிறார். பொருள் விளங்கவில்லை.

அப்போது பிலிப்பு ஓடிப் போகிறார். வழியோரத்தில் நின்றபடியே விளக்கம் சொல்லிவிட்டுப் போகவில்லை. அமைச்சர் அழைத்ததும் தேரில் ஏறி, அவர் பக்கத்தில் அமர்கிறார். அவர் படித்துக்கொண்டிருந்த பகுதியிலிருந்தே தொடங்குகிறார். தண்ணீரைக் கண்டதும் அமைச்சர், திருமுழுக்குப் பெற எனக்கு ஏதும் தடை உண்டா என்று கேட்கிறார். வாழ்நாள் முழுதும் தடைகளையே பார்த்த மனிதரின் கேள்வி அது. பிலிப்பு தடை எதையும் சொல்லவில்லை. அவரோடு தண்ணீரில் இறங்குகிறார். பிறகு பிலிப்பு அங்கே இல்லை. ஆசிரியர் இறங்கிவிட்டார்! அமைச்சரோ மகிழ்ச்சியோடு தம் வழியே போகிறார்.

இங்கே ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காஃபியின் நண்பர் ஜான் ராபின்சன் 1935இல் போனது அதே எத்தியோப்பியாவுக்குத்தான். இத்தாலியின் படையெடுப்பை எதிர்த்த பேரரசர் ஹைலி செலாசியின் விமானப் படைக்காகப் பறந்தார். போருக்குப் பிறகு மறுபடியும் அங்கே சென்று இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தார். 1954இல் அந்த நாட்டிலேயே இறந்தார். ஒருவருக்குத் திறந்த கதவு எவ்வளவு தூரம் போய்ச் சேருகிறது, பாருங்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு மன்றத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்புத் தொடங்கினோம். ஒருநாள், ஆலய வளாகத்தைப் பெருக்கும் அம்மா ஒருவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, "சாமி, நானும் ஓரமா உக்காரலாமா? எம் பேர எழுதக் கத்துக்கணும்" என்று கேட்டார். நாங்கள் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. "இது பிள்ளைங்களுக்குத்தாம்மா. பெரியவங்களுக்குத் தனியா ஆரம்பிக்கிறப்போ சொல்றோம்" என்றோம். "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

பெரியவர்களுக்கான வகுப்பை நாங்கள் தொடங்கவே இல்லை. திருவிழா வந்தது, கட்டட வேலை வந்தது, மறந்துபோனோம். அண்மையில் அவரை வங்கியில் பார்த்தோம். பெருவிரலில் மையோடு நின்றார். வெட்கத்தோடு, "இப்பவாச்சும் வர்றீங்களாம்மா?" என்று கேட்டோம். சிரித்தார். "இனிமே எதுக்கு சாமி, கண்ணே மங்கிப் போச்சு" என்றார்.

அந்த வார்த்தை இரவில் நம்மைத் தூங்கவிடவில்லை. நாம் யாரையும் விரட்டவில்லை. அவர் தொடங்கிய நாளில் பக்கத்தில் அமரத் தவறினோம், அவ்வளவுதான். ஆனால் அவருக்கு அது மூடிய கதவுதான். மெத்தனம் மூடிய கதவும் வெறுப்பு மூடிய கதவும், வெளியே நிற்பவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

இப்போது அந்த மாலை வகுப்பில் பின்வரிசைப் பெஞ்சு ஒன்றைப் பெரியவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். மூன்று பேர் வருகிறார்கள். அந்த அம்மாவையும் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போக நம் இளைஞர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பார்வை திரும்புமா என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. கேட்க வேண்டியது நம் கடமை.

பாடகர் குழுவில் புதிய குரல் ஒன்று தயங்கி நிற்கலாம். பீடப்பணிக்குச் சேர விரும்பும் பிள்ளை, தன் தெருவின் பெயரைச் சொல்லக் கூசலாம். வீட்டுக்கு வந்த மருமகள் அந்த வீட்டு வழக்கம் தெரியாமல் திகைக்கலாம். கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் கணக்கில் தடுமாறலாம். இவர்கள் தவறுவார்கள். அதை எதிர்பார்த்தே நாம் இடம் கொடுக்க வேண்டும். எட்ட நின்று குறை சொல்லாமல் ஏறிப் போய்ப் பக்கத்தில் அமர்வோம். கற்றுக்கொண்டபின் இறங்கி வழிவிடவும் தெரிந்திருப்போம்.

பெஸ்ஸி கோல்மன் திறக்க முடியாமல் போன பள்ளியை, அவரைப் பின்பற்றியவர்கள் திறந்தார்கள். 1931 முதல் சிகாகோவின் கருப்பின விமானிகள் அவர் கல்லறைக்கு மேலே பறந்து மலர் தூவத் தொடங்கினார்கள். பத்துக் கதவுகளைத் தட்டிச் சோர்ந்து போனவர்கள் இன்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கும் ஒரு சொல்: எங்கோ ஒரு திடலின் ஓரம் உங்களுக்காக இருக்கிறது. அந்த ஓரத்தை வைத்திருப்பவர் நம்மில் ஒருவராக இருக்கட்டும்.

மன்றாடுவோம்: அன்புத் தந்தையே, வழியில் தனியே போன மனிதரின் தேரில் பிலிப்பை ஏறி அமரச் செய்தீர். இந்த வாரம் எங்கள் வாசலில் தயங்கி நிற்பவரைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். நாளைக்கு என்று தள்ளிப்போடாத மனத்தையும் தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.