ஆறு பென்சுக்கு ஓரிரவு

குறைந்த வாடகை விடுதியிற் பலருக்கும் பொதுவான குளிப்பறை என்றதும் முகஞ்சுளிப்போர் உளர். அவர்கள் இலண்டன் மாநகரின் ரௌட்டன் விடுதிகளின் வரலாற்றைக் கேட்டல் நன்று.

பிரதமர் டிஸ்ரேலியின் அந்தரங்கச் செயலாளராயிருந்தவர் ரௌட்டன் பிரபு. கூலித் தொழிலாளர் ஒண்டியிருந்த தங்குமடங்களின் அழுக்கையும் நெருக்கத்தையும் கண்டு மனம் நொந்த அவர், சொந்தப் பணம் 30,000 பவுணை இட்டு, 1892 இல் வொக்ஸோல் பகுதியில் முதல் விடுதியைத் திறந்தார். வாடகை ஓரிரவுக்கு ஆறு பென்சு. அதற்குக் கிடைத்ததோ தனிக் கட்டிலுள்ள சிற்றறை, துப்புரவான விரிப்பு, பொது வாசிப்பறை, போசனசாலை. எல்லாவற்றிலும் மேலாக, கழுவுமிடங்கள்! பகலெல்லாம் மண் சுமந்தவன் மாலையில் வெந்நீரிற் கால் கழுவலாம். தன் உடுப்பைத் தானே துவைத்துலர்த்தலாம். அந்நாளைய ஏழைத் தொழிலாளியின் வீட்டில் இவை ஏது?

குறை இல்லையோவெனின், உண்டு. பகலில் உறங்கறைகள் பூட்டப்பட்டன. களைத்தவன் நண்பகலிற் படுக்க எண்ணினாற் கதவு திறவாது. பெண்களுக்கோ இடமேயில்லை. வாடகை ஒரு சிலிங்காய் உயர்ந்துவிட்ட பின்னர், 1933 இல் வெளிவந்த நூலில் ஜோர்ஜ் ஓர்வெல் குளிப்பறைகளைப் புகழ்ந்தார். சமையலையும் சீட்டாட்டத்தையும் தடுத்த கண்டிப்பைக் குறைகூறினார். கண்டிப்பின்றிப் பொதுக் குளிப்பறை துப்புரவாய் நிற்குமோ? மாணவர் விடுதி நடத்தியோர் விடை கூறட்டும்.

இவ்வரிசையில் ஆறாவதாக, 1905 இல் கேம்டன் பகுதியில் எழுந்த ஆர்லிங்டன் மாளிகை இன்றும் வீடற்றோர்க்கு இடமளிக்கின்றது.